ஆயாவின் வெள்ளைச் சேலையில் நீல அச்சு

எங்கள் ஆயா கடைசிக் காலம் வரை உடுத்திய வெள்ளைப் பருத்திச் சேலைகளில் ஒன்று பெரியம்மாவின் அலமாரியில் இருந்தது. அதைத் துண்டுகளாக வெட்டி, குடும்பப் படங்களையும் ஆயா கையாண்ட பொருள்களின் நிழல்களையும் நீல நிறத்தில் அச்சிட்டோம். இந்த முறைக்குப் பெயர் சயனோடைப். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தென்மேற்கே சாட்ஸ்வர்த்தில், பெரியம்மா வீட்டுப் பின்முற்றத்தில், வெயிலையும் குழாய்த் தண்ணீரையும் நம்பிச் செய்த வேலை. பழைய படமும் பழைய துணியும் வைத்திருக்கிற யாரும் செய்து பார்க்கலாம் என்பதால் அளவுகளோடு எழுதுகிறேன்.

இதில் வேலை செய்வது இரண்டு இரும்பு உப்புகள். ஒன்று ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், மற்றது பொட்டாசியம் ஃபெரிசயனைடு. தனித்தனியே தண்ணீரில் கரைத்து, சம அளவில் கலந்து, தாளிலோ துணியிலோ பூசி இருட்டில் காயவிட வேண்டும். காய்ந்த பூச்சு மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் இருக்கும். வெயிலின் புற ஊதா ஒளி படும் இடத்தில் சிட்ரேட் உப்பிலுள்ள இரும்பு வேறு நிலைக்கு மாறி, ஃபெரிசயனைடோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பிரஷ்யன் நீலமாகிறது. ஒளி படாத இடத்தில் உப்புகள் அப்படியே கிடக்கும், அலசினால் போய்விடும். நிழல் விழுந்த இடம் வெள்ளை, வெயில் விழுந்த இடம் நீலம். கேமராவோ இருட்டறையோ தேவையில்லை. மின்வெட்டு நாளிலும் நடக்கும்.

முறையைக் கண்டுபிடித்தவர் வானியலாளர் ஜான் ஹெர்ஷல், ஆண்டு 1842. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1834 முதல் 1838 வரை, அவர் குடும்பத்தோடு கேப் டவுனில் இருந்தார் என்பது எனக்கு இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. கிளேர்மான்ட்டில் ஃபெல்ட்ஹவுசன் என்ற இடத்தில் தொலைநோக்கியை நிறுத்தித் தென்வானத்தை இரவிரவாகப் பதிவு செய்தார். அவரும் மனைவி மார்கரெட்டும் கேப் மலர்களையும் வரைந்தார்கள்: கேமரா லூசிடா என்ற கண்ணாடிக் கருவியின் உதவியோடு அவர் பென்சிலில் உருவத்தைப் பிடிக்க, மார்கரெட் வண்ணம் தீட்டினார். ஹெர்ஷல் நீல அச்சை அறிவித்த அடுத்த வருடமே, 1843இல், இங்கிலாந்தில் ஆனா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாள்மேல் நேராக வைத்து அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். 1900இல், பிரிட்டிஷாருக்கும் டச்சு வம்சாவளிக் குடியேறிகளுக்கும் நடந்த போயர் போரில், மாஃபெகிங் நகரம் முற்றுகைக்குள் இருந்தபோது, உள்ளூரிலேயே தபால்தலை அச்சிட இதே முறையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றில் சைக்கிளோடு கேடட் படைச் சிறுவன் ஒருவன், இன்னொன்றில் தளபதி பேடன்-பவலின் தலை, எல்லாம் நீலம். இந்த நீலத்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இருக்கும் உறவு பழையது.

எங்கள் ஆட்கள் இந்தக் கதையில் எங்கே இருந்தார்கள்? 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் மிகப் பலருக்குப் படம் கிடையாது. கப்பல் பட்டியலில் ஒரு வரி உண்டு: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அப்புறம் உடம்பிலுள்ள அடையாளம். ஆயாவின் அப்பாவை அந்தப் பட்டியல் இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு உள்ளவர் என்று சொல்கிறது. அவரைப் பற்றி எழுத்தில் இருப்பது அவ்வளவுதான்.

ஆயாவுக்குப் படம் இருக்கிறது, ஒன்றே ஒன்று. தாத்தா டர்பன் மாநகராட்சி வேலையில் இருந்ததால் குடும்பம் மேகசின் பேரக்ஸில் குடியிருந்தது. 1960களில் அந்தக் குடியிருப்பைக் காலிசெய்து சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். குரூப் ஏரியாஸ் சட்டம் 1950இல் வந்தது. அதன்படி நகரின் எந்தப் பகுதியில் யார் இருக்கலாம் என்பதை அரசு தீர்மானித்தது. லாரியில் சாமான் ஏற்றியபோது படங்கள் இருந்த தகரப் பெட்டி வந்து சேரவில்லை என்று பெரியம்மா சொல்வார். மிஞ்சியது அவர் பர்சில் இருந்த இந்த ஒரு படம், அதுவும் படத்திலிருந்து எடுத்த மறுபடம்.

துணியைத் தயார் செய்தது

பெரியம்மா முதலில் சம்மதிக்கவில்லை. "செத்தவங்க சேலையில கத்திரிக்கோல் வைக்கிறதா?" என்று அலமாரியைச் சாத்திவிட்டார். நான் தாளில் போட்ட சில அச்சுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒருநாள் அவரே கூப்பிட்டு, சேலையை மடியில் விரித்து, எங்கே வெட்டலாம் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். முந்தானைப் பக்கம் அவருக்கு. அதை வெட்டக் கூடாது. மீதியில் பேரப்பிள்ளைக்கு ஒரு துண்டு. வெட்டியதும் அவர்தான்.

சயனோடைப்புக்குப் பருத்தி, லினன், பட்டு எல்லாம் பிடிக்கும். பாலியெஸ்டரும் நைலானும் ஆகாது. உப்பு நாரில் ஏறாமல் அலசும்போது வழிந்துவிடும். எந்த நார் என்று சந்தேகம் இருந்தால் ஓர நூலைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி தாள் எரியும் வாசனையோடு சாம்பலாகும், செயற்கை நூல் உருகி உருண்டையாகும்.

பழைய சேலையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று கஞ்சி. ஆயா கஞ்சி போடாமல் சேலை உடுத்தியதே இல்லை. நாருக்கு மேல் கஞ்சி இருந்தால் கரைசல் திட்டுத்திட்டாக ஏறும். மற்றது சோப்பு. துணி சோப்பு காரத்தன்மை உள்ளது, பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் பகை. வருடக்கணக்காகச் சோப்பு ஊறிய துணியைச் சரியாக அலசாமல் அச்சிட்டால் வந்த நீலமும் வெளிறிப் போகும். ஆகவே வெந்நீரில் சிறிது வாஷிங் சோடா போட்டு ஊறவைத்துக் கஞ்சியை எடுத்தோம். பிறகு வழவழப்பு முழுக்கப் போகும்வரை பலமுறை பச்சைத் தண்ணீரில் அலசி, கடைசி அலசலில் ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு கப் வெள்ளை வினிகர் ஊற்றினோம். மிச்சக் காரம் இருந்தால் அது அடக்கிவிடும். தாளில் செய்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை: நீண்டநாள் கெடாமல் இருக்க என்று சுண்ணாம்புச் சத்துச் சேர்த்த ஓவியத் தாள் வாங்காதீர்கள், அது நீலத்தைத் தின்னும்.

வெள்ளைத் துணிக்கு நீலம் போடும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா? அப்படிப் போடும் நீலங்களில் சில வகைகள் இதே பிரஷ்யன் நீலம்தான். ஆயா வாழ்நாளெல்லாம் அலசிய தொட்டித் தண்ணீரை நினைத்துக்கொண்டேன்.

கரைசல்

பச்சை வகை ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம் எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீர் 100 மில்லியில் கரைக்க வேண்டும். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம், வேறு 100 மில்லியில். பழுப்புப் பாட்டில்களில் தனித்தனியாக வைத்தால் நாள்பட இருக்கும். சிட்ரேட் கரைசலில் பூஞ்சை பிடிக்கும், டர்பனின் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். பிடித்தால் காபி வடிகட்டும் தாளில் வடித்துக்கொள்ளலாம். இரண்டையும் கலந்துவிட்டால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். ஏ4 தாளுக்குக் கலவை 4 மில்லி போதும். துணி அதைவிட நிறையக் குடிக்கும்.

பெயரில் சயனைடு இருப்பதைக் கேட்டு என் அக்கா பிள்ளைகளை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஃபெரிசயனைடில் அது இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது, சாதாரணமாகக் கையாண்டால் பிரியாது. வலுவான அமிலம் பட்டாலோ கடுமையாகச் சூடாக்கினாலோ நச்சு வாயு வரும். இங்கே பல வீடுகளில் நீச்சல் குளத்துக்கென்று ஹைட்ரோகுளோரிக் அமிலக் கேன் கிடக்கும். அது இருக்கும் கொட்டகையில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். வினிகர் மாதிரி மென்மையானவை போதும். கையுறை போடுங்கள். இதற்கு எடுத்த பாத்திரமும் கரண்டியும் திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது. பொடியை அளப்பதும் கலப்பதும் பெரியவர்கள் வேலை; இலை அடுக்குவதும் அலசுவதைப் பார்ப்பதும் பிள்ளைகளுக்கு.

பூசும் தூரிகையில் உலோகப் பட்டை இருக்கக் கூடாது. கரைசல் இரும்பில் பட்டால் நீலப் புள்ளிகள் விழும். ஸ்பாஞ்ச் துண்டு நல்லது. மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்தில் பூசி, ஜன்னலை மூடிய குளியலறையில் காயப்போட்டோம். தொட்டால் துளிகூட ஈரம் இருக்கக் கூடாது. டர்பனில் கோடைக் காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் காய்ந்ததுபோல் தோன்றும் துணியும், மேலே வைக்கும் நெகட்டிவோடு (கறுப்பு வெள்ளை தலைகீழான படத் தாள்) ஒட்டிக்கொள்ளும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான வறண்ட குளிர்காலம்தான் எங்கள் ஊரில் இந்த வேலைக்கு ஏற்ற காலம். காய்ந்ததைக் கறுப்புப் பையில் போட்டு வைத்து ஒன்றிரண்டு நாளில் அச்சிட்டுவிட வேண்டும்.

ஆயாவின் படம்

சயனோடைப்பில் அச்சு நெகட்டிவின் அளவிலேயே வரும். ஆகவே படத்தை ஸ்கேன் செய்து, வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கி, கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கி, ஒளி ஊடுருவும் பிலிம் தாளில் இங்க்ஜெட்டில் அச்சிட வேண்டும். நகல் எடுக்கும் கடைகளில் லேசர் எந்திரம்தான் இருக்கும். அதன் கறுப்பு போதுமான அளவு அடர்த்தியாக இராது. இரண்டு பிரதி எடுத்து ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் வைத்து ஒட்டினால் சரியாகிவிடும். பிலிம் கிடைக்காவிட்டால் சாதாரணத் தாளில் அச்சிட்டுப் பின்பக்கம் சமையல் எண்ணெய் தடவித் துடைத்தாலும் ஒளி ஊடுருவும், கொஞ்சம் சொரசொரப்பான படம் வரும். துணிக்கு அந்தச் சொரசொரப்பு பொருந்தவே செய்கிறது.

நெகட்டிவைத் திருப்பி வைத்தால் இடமும் வலமும் மாறிவிடும். படத்தில் எழுத்து ஏதாவது இருந்தால் எது சரியான பக்கம் என்று தெரிந்துவிடும். ஆயாவின் படத்தில் எழுத்தே இல்லை. ஸ்கேனில் இருந்த பக்கத்தைத்தான் சரி என்று எல்லோரும் எடுத்துக்கொள்வோம். ஆனால் அது மறுபடம் என்பதால் எனக்குச் சந்தேகம் இருந்தது. தாளில் இரண்டு விதமாகவும் அச்சிட்டு, இரண்டையும் பெரியம்மா முன்னால் வைத்தேன்.

அவர் உடனே ஒன்றைத் தள்ளிவிட்டார். தள்ளியது ஸ்கேனில் இருந்தபடி வந்தது. "அம்மா முந்தானையை வலது தோள்ல போட மாட்டாங்க. மூக்குத்தியும் இந்தப் பக்கம் இல்ல." மறுபடம் எடுத்த இடத்தில் எப்போதோ பக்கம் மாறியிருக்கிறது. அறுபது வருடத்துக்கு மேல் பர்சில் வைத்திருந்த படத்தில் இதை அவர் கவனிக்கவில்லையா என்று கேட்டேன். "சின்னப் படம். அம்மான்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான். இப்போ ஆள் அளவுக்கு நிக்கிறாங்க, தப்பு தெரியுது," என்றார். பிறகு மூக்குத்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வீட்டில் பணம் முடையான ஒரு மாதத்தில் ஆயா அதைக் கழற்றி அடகு வைத்ததும், மீட்கும்வரை ஈர்க்குச்சித் துண்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போனதும் எங்களில் யாருக்கும் தெரியாது. பெரியம்மாவின் பிள்ளைகளுக்கே தெரியாது.

அடுத்தது நிறம். எவ்வளவு நேரம் வெயிலில் வைப்பது என்று தெரிய முதலில் ஒரு சோதனைத் துண்டு போட வேண்டும். பூசிய துணியில் ஒரு நீளத் துண்டு எடுத்து, முகம் இருக்கும் பகுதி நெகட்டிவை அதன்மேல் வைத்து, அட்டையால் மூடி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்க வேண்டும். அலசினால் வெளிறியதிலிருந்து அடர்நீலம் வரை படிப்படியாக வரும். புத்தகக் கணக்குப்படி நல்ல அச்சு என்றால் வெள்ளை வெள்ளையாக இருக்க வேண்டும், நிழல் ஆழமாக இருக்க வேண்டும், நடுவில் எல்லாப் படிகளும் தெரிய வேண்டும். அதன்படி நான் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுத்தேன். பெரியம்மா கடைசிப் பகுதியைத் தொட்டார். அதில் முகம் நல்ல நீலம், கண்ணின் வெண்மை மட்டும் பளிச்சென்று இருந்தது.

"அம்மா கறுப்பு. படம் எடுத்தவன் வெள்ளையாக்கிட்டான். அந்தக் காலத்துல எல்லாரையும் அப்படித்தான் ஆக்குவாங்க. கேக்காமலே பண்ணுவாங்க."

பழைய ஸ்டூடியோக்களில் முகத்தை வெளுப்பாக்கித் தருவது வழக்கமாக இருந்தது. ஆளைத் தோலின் நிறத்தால் பிரித்துப் பதிவுசெய்யச் சட்டமே போட்ட நாடு இது. அந்த நாட்டில் ஒரு தாயின் முகத்தைக் கேட்காமல் வெளுத்துக் கொடுத்தது சின்ன விஷயம் இல்லை. அதைத் திருத்துவதற்கு எனக்கு மென்பொருள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வெயிலில் இன்னும் ஆறு நிமிடம் வைத்தது போதுமானதாக இருந்தது. பெரியம்மா தொட்ட பகுதியின் நேரத்தையே எல்லாத் துண்டுகளுக்கும் வைத்தோம். ஓவிய ஆசிரியரான என் தம்பி நிழல்களில் விவரம் போய்விட்டது என்கிறான். அவன் சொல்வதும் சரிதான். சேலையின் மடிப்புகள் அமுங்கிவிட்டன. ஆயா ஆயாவாக இருக்கிறார், எனக்கு அது போதும்.

நான் இந்த வேலையைத் தொடங்கியபோது அச்சுகள்தான் கையில் மிஞ்சும் என்று எண்ணினேன். எந்தப் பக்கம், எவ்வளவு கறுப்பு, எதுவரை வெட்டுவது, யாரை விடுவது என்று இந்த முறை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தீர்மானம் கேட்கிறது. அந்தத் தீர்மானத்துக்கு ஆளைத் தெரிந்த ஒருவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. "ஆயாவைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்டபோதெல்லாம் பெரியம்மா சொன்னது "நல்லவங்க, கஷ்டப்பட்டாங்க" என்ற இரண்டு வார்த்தை. மூக்குத்தி எந்தப் பக்கம் என்ற கேள்விக்குத்தான் வாய் திறந்தார். வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்க நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது: வேலை நடக்கும் மேசைக்கு அவர்களை அழைத்து வாருங்கள்.

வெயிலில்

அச்சிடும் சட்டகம் என்று தனியாக ஒன்றும் வாங்கவில்லை. அடியில் பலகை, அதன்மேல் பூசிய துணி, அதன்மேல் நெகட்டிவ், எல்லாவற்றுக்கும் மேல் பழைய ஜன்னல் கண்ணாடி, நான்கு பக்கமும் கிளிப். படச் சட்டத்துக்கென்று இப்போது விற்கும் கண்ணாடிகளில் சில புற ஊதாவைத் தடுக்கும் வகை. அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். துணி சுருங்கி நெகட்டிவ் துளி தூக்கினாலும் அந்த இடம் மங்கிவிடும், ஆகவே துணியைப் பலகையோடு இழுத்துக் குத்தி வைத்தோம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த குறிப்புகளைப் படித்துச் செய்பவர்கள் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். டர்பனில் நண்பகல் வெயில் வடக்குப் பக்கமிருந்து வரும். ஜூன் மாதத்தில் சூரியன் உச்சியில் இருக்கும்போதே அடிவானத்திலிருந்து 37 பாகைதான் உயர்ந்திருக்கும். பலகையைத் தரையில் படுக்க வைத்தால் வெயில் சாய்ந்து விழும். வடக்கு நோக்கிச் சாய்த்து நிறுத்தினால் நேராக விழும், நேரமும் குறையும். கோடை நண்பகலில் 8 நிமிடத்தில் முடிவது குளிர்காலத்தில் 20 நிமிடம் பிடிக்கும். மேகம் வந்தால் கடிகாரத்தை விட்டுவிட்டு நிறத்தைப் பாருங்கள். நெகட்டிவுக்கு வெளியே தெரியும் ஓரம் பச்சையிலிருந்து நீலமாகி, பிறகு வெண்கலச் சாம்பல் நிறத்துக்குத் திரும்பும். அந்தச் சாம்பல் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

அலசலில் முதல் தண்ணீரில் சிறிது வினிகர், அப்புறம் வெறும் தண்ணீர். மஞ்சள் வடிவது நிற்கும்வரை, துணிக்குக் குறைந்தது 15 நிமிடம். எடுத்தவுடன் நீலம் வெளிறித்தான் இருக்கும். ஒருநாள் காற்றாட விட்டால் முழு ஆழம் வந்துவிடும். காத்திருக்க முடியாதவர்கள் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு, 3 சதவீத வகை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி விட்டு அதில் முக்கினால் கண்முன்னே கருநீலமாகும். பிள்ளைகள் கத்தியது அந்த நிமிடத்தில்தான்.

நிழல்கள்

படம் இல்லாதவற்றை நேரடியாக வைத்து அச்சிட்டோம். ஆயாவின் முறுக்கு உழக்கின் பித்தளை வில்லைகள், சல்லடை, அவர் பின்னிய குரோஷே விரிப்பு, காவடிக்கு எடுத்த மயிலிறகு. குரோஷேதான் மிகத் துல்லியமாக வந்தது. ஒவ்வொரு முடிச்சும் எண்ணக்கூடிய அளவுக்குத் தெரிகிறது. ஓர் இடத்தில் ஆயா தையலை எண்ணிக்கை தவறி இரட்டையாகப் போட்டிருக்கிறார், அதுவும் தெரிகிறது. கனமான பொருள்களுக்குக் கண்ணாடி வைக்க முடியாது, ஆகவே நிழலின் ஓரம் கலங்கும். நண்பகலில் செய்தால் கலங்கல் குறையும். வில்லையின் நட்சத்திரத் துளைகள் நீல நட்சத்திரமாக விழுந்ததைப் பார்த்து ஆளாளுக்கு அந்தத் துண்டையே கேட்டார்கள்.

வேப்பிலை வைக்க வேண்டும் என்று பெரியம்மா சொன்னார். எங்கள் வீட்டில் மாரியம்மனுக்கு மஞ்சள் தண்ணீரில் தோய்த்துத் தெளிப்பது சிரிங்கா மரத்தின் இலை. வேம்பின் சொந்தக்கார மரம், இந்த நாட்டில் களைமரமாக அறிவிக்கப்பட்டு எங்கும் தானாக முளைத்துக் கிடப்பது. வேம்பில் ஒரே ஈர்க்கில் இலைகள் வரிசையாக நிற்கும். சிரிங்காவில் ஈர்க்கு மறுபடியும் கிளைத்து அதில் இலை நிற்கும். அச்சில் இந்த வேறுபாடு சுத்தமாகத் தெரிகிறது. உண்மையான வேப்பிலை தேடலாமா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன். ஆயாவின் கையில் இருந்தது சிரிங்காதான்.

பட்டியலின் வரி

ஆயாவின் அப்பாவுக்கு என்ன வைப்பது? முகம் இல்லை, பொருள் இல்லை. கப்பல் பட்டியலின் அந்த வரியையே பெரிதாக்கி அச்சிட்டேன். எழுத்தரின் சாய்ந்த கையெழுத்து துணியில் அழகாக வந்தது. எனக்கு அந்த அழகே தொந்தரவாக இருந்தது. எண்ணும் தழும்பும் மாட்டைப் பதிவுசெய்வது போல இருக்கின்றன. அதை நீலத்தில் சட்டம்போட்டு மாட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணையும் தழும்பையும் மறைத்து, பெயரும் தகப்பன் பெயரும் கிராமமும் மட்டும் வருமாறு இன்னொரு நெகட்டிவ் செய்தேன். எண் இருந்த இடத்தில் கரும்புத் தோகை ஒன்றைக் குறுக்கே வைத்தேன்.

பெரியம்மா இதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. "அந்த நம்பர்லதான் நாம வந்தோம். அதை எடுத்துட்டா எந்த ஊரு ஆளுன்னு எப்படித் தேடுவே?" அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இங்கே இந்தியர்கள் தங்கள் கிராமத்தைத் தேடிப்போவது அந்த எண்ணைப் பிடித்துத்தான். ஆவணக் காப்பகத்திலும், வெஸ்ட்வில்லில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையத்திலும் தேடுகிறவர்களுக்கு அதுதான் சாவி. தழும்பைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார்: அது கப்பலேறும் முன்பே, சிறு வயதில், ஊரில் ஏர்க்கொழு பட்டு வந்த காயம் என்று ஆயா சொல்லியிருக்கிறாராம். பட்டியல் எழுதியவருக்கு அது அடையாளம். ஆயாவுக்கு அது அப்பா உழவுக்காரர் என்பதற்குச் சாட்சி.

நான் மனம் மாறவில்லை, அவரும் மாறவில்லை. இரண்டையும் அச்சிட்டோம். எண் உள்ளது பெரியம்மாவிடம், தோகை உள்ளது என்னிடம். தழும்பை மட்டும் என் துண்டிலும் திரும்பச் சேர்த்தேன்.

பழுப்பு நிறம் வேண்டும் என்று கேட்ட அத்தை மகளுக்காக ஒரு துண்டைத் தேநீரில் போட்டோம். வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் நீலத்தை மஞ்சளாக வெளிறச் செய்து, அலசி, கடுந்தேநீரில் ஊறவைத்தால் தேயிலையின் டானின் இரும்போடு சேர்ந்து பழுப்பும் கறுப்புமாகும். சாதாரணக் கறுப்புத் தேயிலைதான் வேண்டும். இங்கே குடிக்கும் ரூய்பாஸ் என்ற செம்மூலிகைத் தேநீரில் டானின் குறைவு, நிறம் ஏறவில்லை. எனக்கு நீலமே பிடித்திருக்கிறது.

பராமரிப்பு

நீல அச்சு வெயில் படும் சுவரில் மாட்டினால் வெளிறும். வெளிறியதை எடுத்து இருட்டில், காற்றுப் படும்படி வைத்தால் நிறம் பெரும்பாலும் திரும்பிவிடும். இரும்பு வெளிச்சத்தில் நிறமற்ற நிலைக்குப் போகிறது, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு மறுபடி நீலமாகிறது. ஆகவே எங்கள் வீட்டில் துண்டுகளை முறைவைத்து மாட்டுகிறோம்: சில மாதம் சுவரில், சில மாதம் அலமாரியில். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் அடைக்க வேண்டாம். துவைக்க நேர்ந்தால் சாதாரணச் சோப்பும் சலவைப் பொடியும் கூடாது. காரமும் பாஸ்பேட்டும் இல்லாத மென்மையான திரவத்தில் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். ப்ளீச் பட்டால் படம் போய்விடும்.

ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் மடித்துத் தைத்து, மடிப்புக்குள் பருத்தி நூலால் மூன்று விவரம் தைத்திருக்கிறோம்: யார் அல்லது என்ன பொருள், அதைச் சொன்னவர் யார், எந்த வருடம். சொன்னவர் பெயரை விட்டுவிடாதீர்கள். மூக்குத்தியின் பக்கத்தை இன்னொருவர் மறுத்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரிய வேண்டும்.

இன்னும் பூசாத துண்டுகள் சில இருக்கின்றன. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் தாத்தாவின் தங்கை வீட்டில் பேரக்ஸ் நாட்களின் கும்பல் படம் ஒன்று இருக்கிறதாம், பாதிப் பேர் யாரென்று தெரியவில்லையாம். மழை நின்று குளிர் தொடங்கியதும் பெரியம்மாவை அங்கே கூட்டிப்போய், முகம் முகமாகப் பெரிதாக்கி, ஒவ்வொன்றுக்கும் சோதனைத் துண்டு போடப்போகிறோம்.